எவலின் எழுந்து போனால் கோல்

நான் எழுந்து போனால்தான் கோல் விழும் என்றால், திடலில் பதினொரு பேரை எதற்கு ஓடவிட வேண்டும்? அவர்களையெல்லாம் வீட்டில் தூங்கச் சொல்லிவிட்டு, என்னை மட்டும் அரங்கத்துக்கு வெளியே நடக்கவிட்டால் போதாதா?

எவலின் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அடுப்படியில் நின்று, எரியாத அடுப்பைப் பார்த்தபடி நினைத்துக்கொண்டாள். முன்னறை டிவியில் மலேசியா ஆடிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு கோல் தேவைப்பட்டது. ஆகவே அவள் அடுப்படியில் இருந்தாள். கிள்ளானில் அந்த வரிசை வீட்டுக்குள் இது எழுதாத சட்டம்.

சட்டத்தை இயற்றியவர் பக்கத்து வீட்டு லோகன். லோரிக் கம்பெனியில் கணக்கு பார்ப்பவர். கட்சியில் கிளைத் தலைவர். மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் அதற்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று யோசிக்கிற மனிதர். அரசியலில் கொஞ்ச காலம் இருந்தால் அந்த வியாதி வந்துவிடும் போலிருக்கிறது. சில வருஷங்களுக்கு முன்னால் ஓர் ஆட்டத்தின் நடுவில், குக்கர் கத்துகிறதே என்று எவலின் எழுந்து போனாள். கோல். அடுத்த ஆட்டத்தில் மழை தூறியதால் கொடியில் கிடந்த துணியை எடுக்கப் போனாள். கோல். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, லோகனைத் தவிர. மூன்றாவது ஆட்டத்தில் அவர் பவ்யமாகத் திரும்பி, அக்கா ஒருதரம் உள்ளே போய்விட்டு வாங்களேன், சும்மா பார்ப்போம் என்றார். அவளும் சிரித்துக்கொண்டே போனாள். கோல் விழுந்தது. அவளுடைய சிரிப்பு அன்றோடு போயிற்று.

அதிலிருந்து எவலின் கோல்களைக் காதால்தான் பார்த்து வந்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் நின்றபடி ஆட்டத்தைச் சொல்லும் அளவுக்குத் தேறியும் விட்டாள். நாற்காலிகள் தரையில் உரசினால் கார்னர். சட்டென்று எல்லாரும் அடங்கிப்போனால் ஃப்ரீ கிக். பந்து கம்பத்தில் பட்டால் அவள் கணவர் வாலண்டைன் அடிவயிற்றிலிருந்து ஐயோ என்பார். கோல் என்றால் தெருவே ஒரே குரலில் அலறும். அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வருவாள். அதற்குள் ஆட்டக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கட்டிப்பிடித்துக் கிடப்பார்கள். மலேசியா போட்ட கோல்களில் அவள் நேராகப் பார்த்தது அந்தக் கட்டிப்பிடிப்பு ஒன்றைத்தான். கால்பந்து தெரியாத யாராவது அவளிடம் கேட்டால், அது ஆண்கள் அடிக்கடி சமாதானமாகிக்கொள்ளும் விளையாட்டு என்று அவள் சொல்லலாம்.

ரீப்ளேயில் பாரேன், அதே கோல்தானே என்பார் வாலண்டைன். அதே கோல் இல்லை. ரீப்ளேயில் தான் உள்ளே போகப்போவது பந்துக்கே தெரியும். தெரியாமல் போகிற பந்தைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. உயிரோடு, ஒரே ஒரு கோல். அவள் கேட்டது அவ்வளவுதான். இத்தனைக்கும் அந்த அறையில் ஆஃப்சைடு என்றால் என்னவென்று ஒழுங்காகத் தெரிந்த ஒரே ஆள் அவள். லோகனுக்கு ஆஃப்சைடு என்றால் எதிர்க்கட்சி செய்யும் சூழ்ச்சி.

வாலண்டைனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். டெலிகாமில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அது அவருடைய உடம்புக்குத் தெரிந்த வேலை. ஆத்மாவுக்குத் தெரிந்தது ராக். தண்டர் பாய்ஸ் என்ற இசைக்குழுவில் பாடகரும் பேஸ் கிடாரும் அவர்தான். பாய்ஸில் வயதில் இளையவர் போன மாதம்தான் பேத்திக்கு முதல் பிறந்தநாள் கொண்டாடினார். வாலண்டைனுக்கு முன்னந்தலையில் முடி போய்விட்டது. அதைப் பின்னால் தோள்வரை வளர்த்து ஈடுகட்டியிருந்தார். முன்னாலிருந்து பார்த்தால் பாதிரியார், பின்னாலிருந்து பார்த்தால் புரட்சிக்காரர். எவலின் அவரை வால் என்றுதான் கூப்பிடுவாள். கோயிலில் புது ஆட்கள் இருந்தால் மட்டும் முழுப்பெயர்.

போன தீபாவளிக்கு லோகன் ஊருக்கே கதவைத் திறந்துவைத்துக் கொடுத்த திறந்த இல்ல விருந்தில் தண்டர் பாய்ஸ் வாசிப்பதாக இருந்தது. ஆம்ப்ளிஃபையர் செத்துக் கிடந்தது. கிடாரிஸ்ட் பழனியப்பன் அதன் முன்னால் உட்கார்ந்து, எழுந்திருக்க முடியாமல், அப்படியே ரிப்பேரைத் தொடர்ந்தார். எவலின் ஐஸ் எடுத்துவர வெளியே போனாள். ஆம்ப்ளிஃபையர் இடிபோல் உறுமியது. போகிற வழியில் கதவோரம் அணைந்திருந்த சுவிட்சைத் தான்தான் தட்டிவிட்டுப் போனதாக அவள் எத்தனையோ தரம் சொன்னாள். யாரும் காது கொடுக்கவில்லை. எல்லாரும் அவளைக் கனிவோடு பார்த்தார்கள், தன் அற்புதத்தை அடக்கத்தால் மறைக்கும் புனிதரைப் பார்ப்பதுபோல.

அப்புறம் கிளைத் தேர்தல் வந்தது. லோகனை எதிர்த்து ஜெயராஜ் என்பவர் நின்றார். எவலின் கூட்டத்துக்குக் கறிபாப் பலகாரம் கொடுக்க வந்திருந்தாள். தட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனாள். அவள் செருப்பை மாட்டுவதற்குள் ஜெயராஜ் போட்டியிலிருந்து விலகிவிட்டார். மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டதாக அவர் மனைவி அலறிக்கொண்டு ஃபோன் செய்ததுதான் காரணம். அதைப் பற்றி லோகன் கேட்ட ஒரே கேள்வி, மாமியாரை யார் வழுக்க வைத்தது என்பதுதான்.

ஆக ராக், கால்பந்து, அரசியல் மூன்றும் எவலினின் முதுகை நம்பி நடக்க ஆரம்பித்தன. அவளுக்கும் இதில் ஒரு கணக்கு தெளிந்தது. மூன்றும் அடிப்படையில் ஒன்றுதான். முன்னால் யாரோ சிலர் ஓடுகிறார்கள், பாடுகிறார்கள், கத்துகிறார்கள். பின்னால் ஆயிரம் பேர் வியர்க்கிறார்கள். வியர்க்கிற ஒவ்வொருவனும் தன் வியர்வையால்தான் எல்லாம் நடக்கிறது என்று நம்புகிறான். லோகன் முக்கியமான ஆட்டத்துக்கு மாற்றாமல் போடும் சட்டையும், பழனியப்பன் மேடை ஏறுமுன் தொட்டுக் கும்பிடும் ஸ்பீக்கரும் அந்த நம்பிக்கைதான். தன் வியர்வை எங்கோ போய்ச் சேருகிறது என்று நினைக்காவிட்டால் ரசிகனாக இருப்பது ரொம்பத் தனிமையான தொழில்.

ரயிலில் பிரிக்பீல்ட்ஸுக்குப் போகும்போதெல்லாம் அவள் இதை யோசிப்பாள். அங்கே ஒரு பல் கிளினிக்கில் முன்மேசை அவளுடையது. புகழ் அங்கேயும் வந்து சேர்ந்திருந்தது. ஒருநாள் வாய் மரத்துப்போன ஒருவர், பாதி உதட்டை வைத்துக்கொண்டு, நீங்கதானே அந்த கோல் அக்கா என்று குழறினார். ஆமென்றதும், பல்லைப் பிடுங்கும்போது கொஞ்சம் வெளியே நிற்க முடியுமா என்று கேட்டார். அவள் நின்றாள். வலிக்கவே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று ரயிலில் அவள் தனக்குத்தானே ஒன்றை ஒப்புக்கொண்டாள். அவளுக்கு இது பிடித்திருந்தது. அவள் ஒருத்தி இருக்கிறாளா என்றே கேட்காத தெரு, இப்போது அவளிடம் கெஞ்சியது. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே, எழுந்து போகும்போது முதுகை அவள் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டது உண்மை. ஆனால் ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் நாம ஜெயிச்சிட்டோம் என்பார்கள். அந்த ‘நாம’வுக்குள் அவள் எங்கே இருக்கிறாள் என்று தேடினால், அடுப்படியில் இருப்பாள். தேவைப்படுவது, இருப்பது என்ற இரண்டையும் ஒன்றென்று நினைத்து இவ்வளவு நாள் ஏமாந்துவிட்டோமோ என்று அவளுக்குத் தோன்றியது. அதற்குள் கிள்ளான் வந்துவிட்டதால் அந்த நினைப்பை அங்கேயே விட்டுவிட்டு இறங்கினாள்.

வட்டார நாடுகளின் கிண்ணப் போட்டியில் மலேசியா அரையிறுதிக்குப் போனது. எதிரில் தாய்லாந்து. அதே சமயம் சட்டமன்றத் தேர்தலும் நெருங்கியது. ஊரார் ஒய்.பி. என்று கூப்பிடும் சட்டமன்ற உறுப்பினர் திருச்செல்வம், இரண்டையும் ஒரே திடலில் முடித்துவிடலாம் என்று முடிவு செய்தார். கிள்ளானில் ராட்சதத் திரை வைத்து ஆட்டத்தை ஊருக்கே காட்டுவது. முன்னதாக ராக் இசை. ஆட்டத்தில் ஜெயித்தால் அந்தச் சந்தோஷத்தை ஓட்டாக மாற்றிக்கொள்ளலாம். தோற்றால்? ஒய்.பி. போட்ட திரையில்தான் தோற்றோம் என்று ஜனங்கள் நினைவில் வைத்துக்கொள்வார்கள். அவருக்குத் தூக்கம் வரவில்லை. அப்போது லோகன் அவர் காதில் எவலினின் பெயரைச் சொன்னார்.

முதலில் தண்டர் பாய்ஸை மடக்கினார்கள். ராக் எந்த அரசியல்வாதிக்கும் தலைவணங்காது என்று வாலண்டைன் சாப்பாட்டு மேசையில் முழங்கினார். மேடைக்கு இரண்டு பக்கமும் ஆள் உயர ஸ்பீக்கர் வைக்கிறார்கள் என்று லோகன் சொன்னார். எவ்வளவு உயர ஆள் என்று வாலண்டைன் கேட்டார். அதோடு கொள்கை உட்கார்ந்துவிட்டது. பாட்டில் ஒய்.பி. பெயர் வர வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் இழுபறியானது. கடைசியில், பாட்டுக்கு நடுவில் பெயரைச் சொல்வது, பேஸ் கிடார் அதன்மேல் விழுந்து அதை அமுக்கிவிடுவது என்று வாலண்டைன் தன் மனசாட்சியோடு உடன்படிக்கை செய்துகொண்டார்.

எவலினுக்குத் தனிக் கூடாரமே போட்டார்கள். திரைக்குப் பின்னால், வெள்ளைத் துணிகட்டி, உள்ளே ஒரு மின்விசிறி, தட்டு நிறைய கறிபாப், கல்யாண நாற்காலிபோல முதுகில் பட்டு முடிச்சு போட்ட நாற்காலி. லோகன் அதைப் பெருமையோடு காட்டினார். திரை எந்தப் பக்கம் என்று அவள் கேட்டாள். இதுதான் அக்கா, அதோட முதுகு என்றார். கறுப்புப் பலகைகளும் வயர்களுமாக அது வானத்தை மறைத்துக்கொண்டு நின்றது. ஆர்வக்கோளாறில் பார்த்துவிடப் போகிறாள் என்று அவளுடைய கைப்பேசியையும் மரியாதையாக வாங்கி வைத்துக்கொண்டார்.

அந்தி சாய்ந்ததும் தண்டர் பாய்ஸ் ஆரம்பித்தது. பழனியப்பன் உணர்ச்சிவசப்பட்டு முழங்கால் போட்டு கிடார் வாசித்தார். பாட்டு முடிந்த பிறகும் முழங்காலிலேயே இருந்தார். ஜனங்கள் அதை ஸ்டைல் என்று கைதட்டினார்கள். இரண்டு தொண்டர்கள் தூக்கிவிட்டார்கள். வாலண்டைன் ஒய்.பி. பெயரைச் சொல்லி பேஸ் கிடாரை அறைந்தார். அந்த நொடி பார்த்து கிடார் வயர் பிடுங்கிக்கொண்டது. பெயர் மட்டும் கணீரென்று கிள்ளான் முழுக்கக் கேட்டது. கூடாரத்துக்குள் எவலின் கறிபாப்போடு சிரித்தாள். பாவம் வால் என்றும் நினைத்தாள்.

ஆட்டம் தொடங்கியது. முதுகுப் பக்கத்திலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். திடலில் பத்து முன்னறைகளின் சத்தம். கார்னரையும் ஃப்ரீ கிக்கையும் பிரித்தறிய முடியவில்லை. பிறகு எல்லாச் சத்தமும் ஒரேயடியாக வடிந்தது. அது மட்டும் அவளுக்குப் புரிந்தது. தாய்லாந்து கோல் போட்டுவிட்டது.

இடைவேளையில் லோகன் முகம் சுண்டிப்போய் வந்தார். பின்னாலேயே ஒய்.பி.யும் வந்தார். சந்தன நிற பாத்தேக் சட்டையின் முதுகு நனைந்திருந்தது. அக்கா வெளியேதானே இருக்காங்க, அப்புறம் எப்படி என்று அவர் லோகனைக் கேட்டார். லோகன் கூடாரத்தையும் நாற்காலியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். யோசித்தார். அவர் முகம் தெளிவதை எவலின் கவலையோடு கவனித்தாள்.

“தப்பு நம்ம மேலதான் ஒய்.பி.,” என்றார். “அக்கா இன்னும் எழுந்து போகவே இல்லையே. முதல்ல இருந்தே வெளியிலயே வச்சிட்டோம். உள்ள இருந்தாதானே எழுந்து போக முடியும்?”

ஒய்.பி. இதை ஒரு சட்டத் திருத்தத்தைக் கேட்பதுபோல் தலையசைத்துக் கேட்டார். கூடாரத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. பட்டு முடிச்சு நாற்காலியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க, எவலின் பின்னால் நடந்தாள். முதல் வரிசையில் ஒய்.பி.க்குப் பக்கத்திலேயே அதை வைத்தார்கள். நல்லா உட்காருங்க அக்கா, நேரம் வரும்போது சொல்றேன், அப்ப எழுந்து போனா போதும் என்றார் லோகன்.

அவள் உட்கார்ந்தாள். திரை ஒரு மூன்று மாடி வீட்டளவு இருந்தது. புல் அவ்வளவு பச்சையாக இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

முதலில் அவள் ஒரு கண்ணை லோகன்மேல் வைத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு கண்ணும் திரைக்குப் போய்விட்டன. மலேசியாவின் இடதுபக்கத்தில் ஒரு பையன் ஓடிக்கொண்டே இருந்தான். அவனுக்கு யாரும் பந்து கொடுக்கவில்லை. கொடுத்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் ஒவ்வொரு முறையும் முழு மூச்சோடு ஓடினான். பிறகு தலையைத் தொங்கப்போட்டுத் திரும்பி வந்தான். எவலினுக்கு அவனைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்போல் இருந்தது. ஒருவழியாக அவன் காலுக்குப் பந்து வந்தது. இரண்டு பேரைத் தாண்டி உள்ளே அனுப்பினான். நடுவில் நின்றவர் தலையால் முட்டினார். பந்து கம்பத்தை உரசிக்கொண்டு வெளியே போனது. திடல் முழுக்க நெஞ்சில் அடித்துக்கொண்டது. எவலினும் அடித்துக்கொண்டாள். உள்ளே மட்டும் அவளுக்கு வெட்கம்கெட்ட ஒரு சந்தோஷம். கோல் ஆகாமல் போவதைக்கூட அவள் இதுவரை இப்படி முழுசாகப் பார்த்ததில்லை.

இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. லோகன் குனிந்து, அக்கா இப்ப போலாம் என்றார். கார்னர் வருது, இருங்க என்றாள் அவள். கார்னர் வீணானது. லோகன் மறுபடி குனிந்தார். த்ரோ எடுக்கட்டும் என்றாள். த்ரோவும் வீணானது. இப்படி அவள் தவணை கேட்பதை ஒய்.பி. ஓரக்கண்ணால் கவனித்தார். தவணை கேட்பது எதில் முடியும் என்று அவருக்குத் தெரியும். அவர் தொழிலே அது.

அப்போது இடதுபக்கப் பையனைப் பெனால்டி பெட்டிக்குச் சற்று வெளியே தள்ளிவிட்டார்கள். விசில். ஃப்ரீ கிக். சரியான தூரம், சரியான கோணம். இதற்குமேல் நல்ல வாய்ப்பு வராது என்று திடலில் எல்லாருக்கும் தெரிந்தது. ஆட்டக்காரர்கள் பந்தைச் சுற்றிப் பேசிக்கொண்டிருக்க, திடலில் ஒரு சலசலப்பு. பின்வரிசையில் யாரோ எவலினைச் சுட்டிக்காட்டினார்கள். தலைகள் ஒவ்வொன்றாக அவள் பக்கம் திரும்பின. திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஊரே ஒரு பெண்ணின் முதுகைப் பார்த்தது.

ஒய்.பி. அவள் பக்கம் சாய்ந்தார். கையில் ஒலிவாங்கி இருப்பதை மறந்துவிட்டார். ஆள் உயர ஸ்பீக்கர் இரண்டும் அவருடைய ரகசியக் குரலைத் திடலுக்கே வாசித்தன.

“அக்கா, ப்ளீஸ் லா. கொஞ்சம் எழுந்து போங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன்.”

கூட்டம் கைதட்டியது. ஒரு சட்டமன்ற உறுப்பினர் பொதுமேடையில் இவ்வளவு உண்மையாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

மேடையோரத்திலிருந்து வாலண்டைன் இறங்கி வந்தார். நெற்றியில் கட்டியிருந்த சிவப்புத் துணி வியர்வையில் கண்ணுக்கு மேல் இறங்கியிருந்தது. அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார். முழங்கால் படாரென்று சத்தம் போட்டது. ஒரே ஒரு நிமிஷம் எவலின், அந்த ஸ்பீக்கருக்குப் பின்னால் போய் நின்றுவிட்டு வந்துவிடு என்று கெஞ்சினார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. வேடிக்கைக்குக் கெஞ்சவில்லை, உண்மையாகவே நம்பினார். அதுதான் அவளைத் தொட்டது. முப்பது வருஷம் கூட வாழ்ந்த மனிதர், ஒரு நாட்டையே காப்பாற்றும் சக்தி அவளிடம் இருப்பதாக நம்புகிறார். 

உட்கார்ந்தே இருந்து கோல் விழாமல் போனால் என்ன ஆகும் என்று அவள் நினைத்துப் பார்த்தாள். தோல்விக்கு அவள்தான் காரணம் என்று கிள்ளான் பேசும். தேர்தலில் தோற்றாலும் லோகன் அவள் பெயரைத்தான் சொல்வார். அதுகூடப் பரவாயில்லை என்று இருந்தது. உட்கார்ந்தே இருந்து கோல் விழுந்துவிட்டால்? இனி யாரும் அவளை எழுந்து போகச் சொல்ல மாட்டார்கள். பல் பிடுங்குகிறவர்கள் வெளியே நிற்கச் சொல்ல மாட்டார்கள். முன்னறையில் உட்கார்ந்திருக்கும் பலரில் ஒருத்தி ஆகிவிடுவாள். இரண்டாவதுதான் அவளுக்குக் கொஞ்சம் அதிகமாக வலித்தது. அதைக் கண்டுபிடித்ததில் அவளுக்கே சிரிப்பு வந்தது. இவ்வளவு நாள் இவர்களைப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தாளே. அடுப்படியில் நின்று, தன்னால்தான் என்று ரகசியமாக நம்பிக்கொண்டிருந்தது யார்?

திரையில் நடுவர், சுவர்போல வரிசைகட்டி நின்ற தாய்லாந்துக்காரர்களைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். பந்துக்குப் பின்னால் அந்த இடதுபக்கப் பையனே வந்து நின்றான். கால்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டான். பந்து எங்கே போகும் என்று அவனுக்கும் தெரியாது. அவன் முகத்தில் அது அப்படியே தெரிந்தது.

எவலின் கணவரின் நெற்றித் துணியைக் கண்ணிலிருந்து மேலே தள்ளிவிட்டாள். தோளைப் பிடித்து அவரைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தினாள். திரையை மறைத்துக்கொண்டிருந்தார்.

“நான் போகல வால்,” என்றாள் மெதுவாக. “நீங்களும் உட்காருங்க.”